மாமா என்றால் யார்

கிள்ளானில் கல்யாணம் என்றாலும் கருமாதி என்றாலும் முதலில் என் போனுக்குத்தான் அடிப்பார்கள். கெனோப்பிக் கூடாரம், நாற்காலி, வட்ட மேசை, மேடை, காற்றாடி, எல்லாம் என்னிடம் உண்டு. காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அடுத்தவர் லோரியில் கூடாரத் துணி ஏற்றப் போனவன். இன்றைக்கு எனக்கே ஐந்து லோரி. பெரிய பெரிய ஆட்கள் வந்த விழாவில் கொட்டு கொட்டென்று மழை கொட்டியும் என் கெனோப்பிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. இன்னமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் என்னிடம் கொண்டு வந்தது படிப்பு இல்லை, வாய். மலாய்க் கம்பத்து ஊர்த் தலைவரிடமும் பேசுவேன், நகராண்மைக் கழக அதிகாரியிடமும் பேசுவேன், சீனர் கடையில் பேரம் பேசினால் அவரே சிரித்துக்கொண்டு இறங்கி வருவார். அப்படிப்பட்ட வாய்தான் ஒரு சின்னப் பிள்ளையின் வழக்கைக் கவிழ்க்கப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா என் ஸ்டோரில் வேலை செய்தாள். நாற்காலி உறைகளைத் துவைத்து மடித்து அடுக்குவது அவள் பொறுப்பு. புருஷன் இருக்கிறான், ஆனால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். எங்கள் தாமான் குடியிருப்பில் பின் வரிசையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தார்கள். அம்மா, மகள், அம்மாவின் தம்பி, மூன்று பேர். தம்பிக்கு இருபத்தாறு வயசு, ஏர்கோன் மாட்டும் வேலை. மேலே மாடி அறையில் தனியாக ஒருவர் குடியிருந்தார். ஐம்பதைத் தொட்டவர். எதிரே யார் வந்தாலும் வணக்கம் சொல்வார், கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு ஓடுவார். நானே நாலு பேரிடம் நல்ல மனுஷன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயசு. பள்ளி வேன் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிடும். ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டுக்குள் போகாமல், புத்தகப் பையோடு நடந்தே என் ஸ்டோருக்கு வந்துவிட்டாள். அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் உறை மாட்டப் போயிருந்தாள்.

“ஏன்டாம்மா, வீட்டுக்குப் போகலையா?”

“போக மாட்டேன் தாத்தா. மாமா இருக்காரு.”

“மாமா இருந்தா என்ன?”

அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் குனிந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அம்மாவுக்குப் போன் அடித்து, இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வா என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, போலீஸ். மாடியில் இருந்தவரைப் பிடித்தார்கள். பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் அவள் சொல்லிவிட்டாள். அது போதும்.

வழக்கு வந்தபோது நான் நாலாம் சாட்சி. பிள்ளை முதன்முதலில் வாய் திறந்தது என்னிடம் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போனேன். கோர்ட்டில் தமிழை மலாயில் மாற்றிச் சொல்வதற்கு ஒரு அம்மா இருந்தார். மெலிந்த உடம்பு, மெதுவான குரல். கூண்டுக்குப் பக்கத்தில் வந்து, “அங்கிள், தமிழ்ல சொல்லுங்க, நான் எடுத்துச் சொல்றேன்” என்றார்.

“வேணாம்மா, நீ போய் உட்காரு. நான் மலாய் பேசியே பிழைச்சவன்” என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. போய் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் நம்ம ஆள்தான். நல்ல உயரம், வெண்கலக் குரல். பிள்ளை உங்களிடம் சொன்ன வார்த்தை ‘மாமா’ தானா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் ரொம்பப் பணிவாக, பெரியவரே என்கிற மாதிரி, “பாக்சிக், தமிழில் மாமா என்றால் யார்?” என்றார்.

எனக்கு அது வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. நாலாம் வகுப்பு படித்தவனிடம் ஒரு வக்கீல் தமிழ் கேட்கிறார். “அடிக் லெலாக்கி மாக்” என்றேன். அம்மாவோட தம்பி. அதோடு வாயை மூடியிருக்கலாம். “செமுவா ஓராங் தமிழ் தாவு லா, துவான்” என்று ஒரு வாலையும் ஒட்டினேன். எல்லாத் தமிழருக்கும் தெரியும் ஐயா, என்று அர்த்தம்.

வக்கீல் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அரசு வக்கீல் அவசரமாக எழுந்து, உறவு இல்லாதவர்களையும் பிள்ளைகள் மாமா என்று கூப்பிடுவது உண்டுதானே என்று கேட்டார். அவர் நமக்குக் கை கொடுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “மாமா என்றால் மாமாதான்” என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தப் புள்ள வேன்காரரையும் மாமாங்கும், ரொட்டிக்காரரையும் மாமாங்கும். அதைச் சொன்னீங்களா?”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லி நான் உங்களைப் பார்த்ததே இல்ல” என்றாள்.

நல்லவேளை, பிள்ளை சொன்னதை நீதிபதி நம்பினார். மாடி ஆளுக்குச் சிறையும் பிரம்படியும் விதித்தார். வயசைப் பார்த்துப் பிரம்படி கிடையாது என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆள் உள்ளே போனதைப் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பீல் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். வியாபாரத்தில் நானே ஒரு முறை போட்டிருக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட குற்றத்துக்கும் அப்பீல் உண்டு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வருஷம் கழிந்து ஒருநாள் பிள்ளையின் தாய்மாமன் ஸ்டோருக்கு வந்தான். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினான், தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

“அங்கிள், கோர்ட்ல நல்லா தமிழ்ப் பாடம் எடுத்தீங்களாம்.”

“என்னடா சொல்ற?”

“அப்பீல்ல எழுதியிருக்காங்க. மாமான்னா நான்தானாம். அம்மாவோட தம்பி. நாலாம் சாட்சியே சொல்லிட்டாராம், எல்லாத் தமிழருக்கும் தெரியுமாம். அந்த வீட்லதான் நானும் இருந்தேனாம். அப்ப செஞ்சது நானாத்தான் இருக்கணுமாம்.”

கையில் இருந்த கயிற்றை நான் கீழே போட்டேன்.

“நீன்னு யாருடா சொன்னா? அவ உன்னைத் தம்பின்னுதானே கூப்பிடுவா.”

“அதை அங்க சொன்னீங்களா?”

உண்மையும் அதுதான். அம்மா தம்பி, தம்பி என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அவளும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஸ்டோரில் தினமும் என் காதில் விழுந்ததுதான். நான் கண்டித்துக்கூட இருக்கிறேன். “தம்பியாமே தம்பி. உன் இடுப்புல வளர்ந்தவனா அவன்? மாமான்னு மரியாதையாக் கூப்பிடு” என்பேன். அவள் சிரித்துக்கொண்டு ஓடிவிடுவாள். கூண்டில் நின்றபோது அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வரவில்லை. தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனோ அதைச் சொன்னேன். அவள் எப்படிப் பேசுவாள் என்பதை அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

“பொண்ணு வீட்ல நிச்சயத்தைத் தள்ளி வச்சிருக்காங்க. கேஸ் முடியட்டும்ங்கிறாங்க” என்றான். தலைக்கவசத்துக்குள் இருந்து குரல் மட்டும் வந்தது. “நான் ஜொகூர்ல வேலை பார்த்துக்கிட்டுப் போறேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவன் திட்டவில்லை.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். அவர் கல்யாணத்துக்கு நான்தான் கெனோப்பி போட்டேன். பிள்ளையின் அம்மாவுக்காக அப்பீலில் கூட இருந்து கவனிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அம்மாவும் என்னோடு வந்திருந்தாள். போய் உட்கார்ந்த உடனே நான் ஆரம்பித்தேன்.

“ஒரே நிமிஷம்மா. ஜட்ஜ் முன்னாடி என்னை நிறுத்துங்க. நானே சரி பண்ணிடுறேன்.”

“அங்கிள், அப்பீல்ல சாட்சிக் கூண்டே கிடையாது.”

“அப்ப எதை வச்சுக் கேட்பாங்க?”

மேசையில் இருந்த காகிதக் கட்டைக் காட்டினார். செங்கல் தடிமன். “இதை வச்சுத்தான். அன்னிக்கு யார் யார் என்ன சொன்னாங்களோ அது இதுல இருக்கு. புதுசாச் சொல்ல ரொம்ப அபூர்வமாத்தான் விடுவாங்க. அதுவும் நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கக்கூடிய விஷயத்தை இன்னிக்கு விடவே மாட்டாங்க.”

“எனக்கு நம்ம தொகுதி ஒய்பியைத் தெரியும். அவர்கிட்ட ஒரு வார்த்தை…”

“அங்கிள், நீங்க யாரையும் பார்க்காதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க. அதுதான் நீங்க செய்யக்கூடிய உதவி.”

நாற்பது வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. தே தாரே டீ வந்தது. ஆறிப்போகும் வரை நான் அதைத் தொடவில்லை.

அம்மா கேட்டாள். “அப்பீல்ல அவர் ஜெயிச்சா என்னாகும்?”

“ஒண்ணு, அவர் வெளிய வந்துடலாம். இல்லன்னா, கேஸை முதல்ல இருந்து நடத்துங்கன்னு சொல்லலாம்.”

“முதல்ல இருந்துன்னா? புள்ள மறுபடியும் சொல்லணுமா?”

வக்கீல் தலையாட்டினார்.

“சொல்ல மாட்டா. இப்பதான் வேன்ல தனியாப் போறா. இப்பதான் ராத்திரி லைட்டை அணைக்க விடுறா. நான் அனுப்ப மாட்டேன்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். தன் கைப்பையின் வாரை மட்டும் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் பொங்கியது. “பாவம் செஞ்சவனுக்கு எதுக்கும்மா அப்பீல்? எந்தச் சட்டம் இது?” என்றேன்.

“உங்க மகனையே செய்யாத தப்புக்குப் பிடிச்சு உள்ள போட்டா இந்தக் கதவைத்தான் தட்டுவீங்க, அங்கிள். கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கணும். நம்ம பக்கம் உண்மை இருந்தா, அதுவும் இதே காகிதத்துலதான் இருக்கும்.”

அப்போது நான் ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் என் வாலும் அல்லவா இருக்கிறது?

அப்பீல் விசாரணை ஷா ஆலாமில் நடந்தது. பின்வரிசையில் நான், என் பக்கத்தில் அம்மா. நீதிபதி ஒரு மலாய்க்கார அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். சாட்சி இல்லை, கூண்டில் ஆள் இல்லை, அழுகை இல்லை. கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரித்த மறுநாள் மாதிரி இருந்தது. தண்டனை பெற்றவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கை கூப்பப் போனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

அந்த வெண்கலக் குரல் வக்கீல் எழுந்தார். சந்தையில் பேசுகிற பாசார் மலாய் வேறு, கோர்ட்டு மலாய் வேறு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் ஒன்று நன்றாகப் புரிந்தது. “நாலாம் சாட்சி” என்று சொல்லி, பக்க எண்ணைச் சொல்லி, நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் படித்தார். அடிக் லெலாக்கி மாக். செமுவா ஓராங் தமிழ் தாவு லா, துவான். அந்த ‘லா’வைக்கூட விடவில்லை. அந்தப் பெரிய அறையில் அது கேட்கவே அசிங்கமாக இருந்தது. நான் எழுந்திரிக்கப் பார்த்தேன் போலிருக்கிறது. அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உட்காருங்கண்ணே.”

உட்கார்ந்தேன்.

நீதிபதி பக்கங்களைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். வக்கீல் அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தபோது கை காட்டி நிறுத்தி, ஒரு பக்கத்தைச் சொன்னார். வக்கீலும் புரட்டினார். முன்வரிசையில் இருந்த பிரிக்பீல்ட்ஸ் வக்கீல் திரும்பி, எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது பிள்ளையின் சாட்சி. முதல் கோர்ட்டில் அவளைத் தனி அறையில் உட்கார வைத்து, டிவி வழியாகக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அவள், “தம்பி வேலைக்குப் போயிட்டாரு” என்று சொல்லியிருக்கிறாள். மற்றவர்களாக இருந்தால் தம்பி என்ற சொல்லை ‘அடிக்’ என்று மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். தமிழை மாற்றிச் சொன்ன அந்த மெலிந்த அம்மா போகவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை தன் தம்பியைப் ‘போயிட்டான்’ என்பாளே தவிர, ‘போயிட்டாரு’ என்று சொல்ல மாட்டாள். காதில் அது இடறியிருக்கிறது. நீதிபதியிடம் அனுமதி கேட்டு, பிள்ளையிடம் யார் அந்தத் தம்பி என்று கேட்டிருக்கிறார். பிள்ளை சொன்னதும் பதிவில் இருந்தது. “அம்மாவோட தம்பி. நானும் தம்பின்னுதான் கூப்பிடுவேன். மாமான்னா மாடி மாமா.”

ஷா ஆலாம் நீதிபதி அதை மலாயில் மெதுவாகப் படித்தார். பிறகு, பிள்ளை தன் தாய்மாமனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள் என்றால், பிள்ளை சொன்ன மாமா யார் என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் ஏதோ சொன்னார். நீளமாகத்தான் சொன்னார். குரல் மட்டும் வெண்கலமாக இல்லை.

வேண்டாம், போய் உட்காரு என்று நான் சொன்ன அதே பெண்மணிதான் அந்த ஒரு வரியைப் பதிய வைத்திருக்கிறார். பிற்பாடு ஒரு பழக்கூடையோடு போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். “எந்தக் கேஸ் அங்கிள்? ஞாபகம் இல்லையே” என்றார். கூடையையும் வாங்கவில்லை. வாங்கக் கூடாதாம்.

தீர்ப்பு சாப்பாட்டுக்குப் பிறகு என்றார்கள். கீழே கேன்டினில் நானும் அம்மாவும் பிரிக்பீல்ட்ஸ் வக்கீலும் உட்கார்ந்தோம். ஒருவரும் சாப்பிடவில்லை.

“அந்த வரி இருக்குன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?” என்று வக்கீலைக் கேட்டேன்.

“தெரியும். அரசு வக்கீல் எழுதிக் கொடுத்ததுலயும் இருக்கு.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“அக்காகிட்ட சொல்லி, ஜட்ஜ் அதை ஏத்துக்கலன்னா தாங்க மாட்டாங்க. உங்ககிட்ட சொன்னா, அன்னிக்கே கிள்ளான் பூரா தெரிஞ்சிடும்.”

அம்மா லேசாகச் சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான் என்பதால், நானும் மறுத்துப் பேசவில்லை.

மூன்று மணிக்கு நீதிபதி வந்து படித்தார். வக்கீல் எங்களுக்காகத் துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி எழுதிப் பின்னால் நீட்டினார். முதல் துண்டில், ‘பிள்ளை சாட்சி நம்பத்தக்கது’ என்று இருந்தது. அடுத்ததில், ‘நாலாம் சாட்சி சொன்னது அவர் சொந்தக் கருத்து. ஒதுக்கிவிட்டாலும் வழக்கு நிற்கும்.’ அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. எங்கே போனாலும் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவன் நான். என்னை வேண்டாம் என்று தள்ளி வைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். மூன்றாவது துண்டில் ஒரே வார்த்தை. ‘தள்ளுபடி.’

அம்மா அந்தத் துண்டை இரண்டு முறை படித்தாள். “அப்பீலைத்தானே தள்ளுபடி பண்ணாங்க? கேஸை இல்லையே?” என்று என் காதில் கேட்டாள்.

“அப்பீலைத்தான்மா” என்றேன்.

இன்னும் ஒரு படி மேலே போக அவர்களுக்கு வழி இருந்தது. போகவில்லை. தாய்மாமனுக்கு அம்மா அங்கே படிக்கட்டில் நின்றே போன் அடித்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. “சாப்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் பேச வேண்டும் என்று போனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நானே ஜொகூருக்குப் போய் அவன் முன்னால் நின்றேன். என்ன பேசினோம் என்பது எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும். அவன் கல்யாணத்துக்கு என் கெனோப்பியைக் கூப்பிடவில்லை; மண்டபத்தில் வைத்துக்கொண்டான். பத்திரிகை மட்டும் வந்தது. போனேன், பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

தீர்ப்பு வந்த சாயங்காலம் கிள்ளானில் டியூஷன் வாசலில் காரை நிறுத்தினேன். பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயசு. உயர்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தாள். அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பி, “முடிஞ்சிருச்சு. நீ இனிமே எங்கயும் வந்து சொல்ல வேணாம்” என்றாள்.

கார் சிவப்பு விளக்கில் நின்றபோது பிள்ளை கேட்டாள்.

“ஜட்ஜ் நான் சொன்னதை நம்பிட்டாங்களா?”

“நம்பிட்டாங்க.”

“என்னைப் பார்க்காமலேயா?”

“நீ அன்னிக்குச் சொன்னதெல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. அதைப் படிச்சாங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்” என்றாள் அம்மா.

பச்சை விழுந்தது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.